ஆடுமிடம் மாறிய வீரர்கள்: பீட்டர் தங்கராஜும் வடசென்னைக் கால்பந்தும்

பீட்டர் தங்கராஜ் (24 டிசம்பர் 1935 – 24 நவம்பர் 2008) இந்தியக் கால்பந்து கண்ட மிகச் சிறந்த கோல்காப்பாளர்களில் ஒருவர். 1956 மெல்போர்ன், 1960 ரோம் ஒலிம்பிக் அணிகளில் இடம்பெற்றார். 1962-இல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற அணியில் இருந்தார். 1967-இல் அர்ஜுனா விருது பெற்றார். இவை பரவலாகத் தெரிந்தவை. அவர் கோல்காப்பாளராகத் தொடங்கியவர் அல்லர், கோல் அடிக்கும் மைய முன்கள வீரராக, அன்றைய வழக்கில் 'சென்டர் ஃபார்வர்டாக' ஆடிக்கொண்டிருந்தவர் என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. களத்தின் ஒரு முனையில் பழகிய இளைஞர் மறுமுனைக்குப் போய் முதலிலிருந்து கற்றுக்கொண்ட கதை அது.

செகந்திராபாத்திலிருந்து வெலிங்டனுக்கு

தங்கராஜ் அன்றைய ஐதராபாத் சமஸ்தானத்தில் பிறந்தவர். செகந்திராபாத் படைமுகாம் நகரம். பிரிட்டிஷ் காலத்திலேயே தமிழ்க் குடும்பங்கள் பல அங்கே குடியேறியிருந்தன. தங்கராஜின் காலத்திலேயே இந்திய அணிக்கு ஆடிய துளசிதாஸ் பலராமும் அதே செகந்திராபாத் தமிழ்க் குடும்பங்களில் ஒன்றிலிருந்து வந்தவர்தான். தங்கராஜ் முதலில் அவ்வூரின் மார்னிங் ஸ்டார், பிரெண்ட்ஸ் யூனியன் ஆகிய கழகங்களுக்கு ஆடினார். 1953-இல், பதினெட்டு வயது நிரம்பும் முன்பே, இந்தியத் தரைப்படையில் சேர்ந்தார். நீலகிரியில் குன்னூரை அடுத்த வெலிங்டனில் இருக்கும் மெட்ராஸ் ரெஜிமென்ட் மையத்தின் அணிதான் அவருடைய அணியாயிற்று. செய்தித்தாள்கள் அதை எம்.ஆர்.சி. வெலிங்டன் என்று எழுதின.

அங்கே முன்கள வீரராகத் தொடங்கிய அவர் கோல்காப்புக்கு மாற்றப்பட்டார். அவருடைய உயரம் ஆறடிக்கு மேல். அந்த உயரம் முன்களத்திலும் தலையால் முட்டி கோல் அடிக்கப் பயன்படும். ஆனால் அப்படிப்பட்ட முன்கள வீரர் வேறு ஒருவர் கிடைக்கக்கூடும். குறுக்காக உயர்ந்து வரும் பந்தை எதிராளிகளின் தலைகளுக்கு மேலே கைநீட்டிப் பறிக்கக்கூடிய கோல்காப்பாளர் எளிதில் கிடைப்பதில்லை.

காலக்கணக்கு கவனிக்கத்தக்கது. படையில் சேர்ந்தது 1953. எம்.ஆர்.சி. அணி டூரண்ட் கோப்பையை வென்றது 1955. ஒலிம்பிக் அணிக்குத் தேர்வானது 1956. சேர்ந்த மூன்றே ஆண்டுகளில், இருபதாம் வயதில், அவர் நாட்டின் கோல்காப்பாளர்களில் ஒருவராகிவிட்டார். பெரும்பாலான கோல்காப்பாளர்கள் பள்ளிப் பருவத்திலிருந்தே கம்பங்களுக்கு நடுவே நின்று பழகியவர்கள். அவர்களுக்குப் பத்து ஆண்டுகள் பிடிக்கும் பாடத்தை இவர் மிகக் குறுகிய காலத்தில் முடித்திருக்கிறார்.

படை அணியின் சாதகம்

இந்த மாற்றம் ஒரு படை அணியில் நடந்தது தற்செயல் என்று சொல்ல முடியாது. 1950-களின் இந்தியக் கால்பந்தில் ஆட்டப்பருவம் ஊருக்கு ஊர் வேறாக இருந்தது. கல்கத்தா லீக் மழைக்காலத்தில் நடக்கும். அதன்பின் ஐ.எஃப்.ஏ. கேடயம், பம்பாயில் ரோவர்ஸ் கோப்பை, ஆண்டு முடிவை ஒட்டி டில்லியில் டூரண்ட் என்று பெரிய போட்டிகள் வரிசையாக வரும். இடையில் கிடைக்கும் ஓய்வுக்காலம் குடிமைக் கழகங்களுக்குப் பயிற்சிக்காலமாக இருக்கவில்லை. ஆட்டக்காரர்கள் கழகம் மாறுவதற்கும், ஊருக்குப் போவதற்கும், வேலை பார்ப்பதற்குமான காலமாக இருந்தது. கல்கத்தாவின் பெரிய கழகம் ஒன்று, தன் முன்கள வீரரை இரண்டு ஆண்டுகள் கோல் கம்பத்தடியில் நிறுத்திப் பழக்குவதற்குப் பொறுமை காட்டியிருக்காது. இரண்டு கோல் தவறவிட்டால் பார்வையாளர்களே அவரை வெளியேற்றிவிடுவார்கள்.

படைமுகாமில் நிலைமை வேறு. ஆட்டக்காரர்கள் ஒரே இடத்தில் தங்கியிருந்தார்கள். உடற்பயிற்சி அன்றாட வேலை. போட்டி இல்லாத மாதங்களிலும் பயிற்சி நிற்காது. ஊதியம் கோல் எண்ணிக்கையைப் பொறுத்ததன்று. இன்றைய தொழில்முறைக் கழகங்கள் பருவத்துக்கு முந்தைய முகாம் என்று சொல்வது அங்கே ஆண்டு முழுவதும் இருந்தது. கற்றுக்கொள்ளும்போது தவறு செய்வதற்கான இடம் அந்த இளைஞருக்குக் கிடைத்தது.

எம்.ஆர்.சி. எவ்வளவு வலுவான அணி என்பதை டூரண்ட் கோப்பையின் பட்டியலே காட்டுகிறது. 1950 முதல் 1959 வரை அக்கோப்பையை வென்றவை நான்கு அணிகள்தாம்: ஐதராபாத் நகரக் காவல்துறை, ஈஸ்ட் பெங்கால், மோகன் பகான், எம்.ஆர்.சி. வெலிங்டன். கல்கத்தாவும் ஐதராபாத்தும் கால்பந்துத் தலைநகரங்கள். அவற்றோடு நீலகிரி மலையின் ஒரு படைமுகாம் சமமாக நின்று 1955, 1958 என இருமுறை கோப்பையை எடுத்தது. தமிழ்நாட்டுக் கால்பந்து வரலாற்றில் இது போதிய இடம் பெறவில்லை.

புதிய இடத்தில் கற்க வேண்டியவை

முன்கள வீரர் கோல்காப்பாளராக மாறும்போது எதை இழக்கிறார், எதைக் கொண்டுபோகிறார் என்று பார்ப்பது பயனுடையது. முன்கள வீரர் பத்து வாய்ப்புகளில் ஒன்பதைத் தவறவிட்டுப் பத்தாவதில் கோல் அடித்தால் அன்றைய நாயகர் அவர்தான். கோல்காப்பாளர் ஒன்பதைத் தடுத்துப் பத்தாவதை விட்டால் தோல்விக்குக் காரணம் அவர். இந்த மனக்கணக்கைத் தலைகீழாக மாற்றிக்கொள்வது கையால் பந்து பிடிக்கப் பழகுவதைவிடக் கடினம்.

கொண்டுபோவதும் உண்டு. உதைப்பதற்கு முன் தாக்குபவர் உடலை எப்பக்கம் சாய்ப்பார், தனியாகக் கோல் முன் வந்தால் எந்த மூலையைத் தேடுவார் என்பது அந்த வேலையைச் செய்தவருக்கே தெரியும். கோல்காப்பாளர் இரண்டடி முன்னே வந்து நின்றால் தாக்குபவருக்குத் தெரியும் கோல் சிறுத்துவிடும். எந்த நொடியில் முன்னே வரவேண்டும் என்பதில்தான் திறமை. எதிராளி முன்கள வீரரின் மனத்தைப் படிக்கும் கலையில் தங்கராஜுக்கு ஒரு முன்தொடக்கம் இருந்தது.

அன்றைய விதிகளையும் கருவிகளையும் நினைவில் கொள்ள வேண்டும். பந்து தோலால் ஆனது. மழையில் நனைந்தால் கல்லாகக் கனக்கும். கையுறை அணிவது இன்றுபோல் பொது வழக்கமாக இருக்கவில்லை. பந்தைப் பிடித்துக்கொண்டிருக்கும் கோல்காப்பாளரைத் தோளால் இடிப்பது பல ஆட்டங்களில் பொறுத்துக்கொள்ளப்பட்டது. ஆகவே உடல் வலிமையும் வேண்டும், முட்டியால் பந்தைக் குத்தி அனுப்பவும் தெரிய வேண்டும். மறுபக்கம், சொந்த அணியினர் காலால் திருப்பித் தரும் பந்தை அவர் கையால் எடுக்கலாம். அதைத் தடைசெய்யும் விதி 1992-இல்தான் வந்தது. இன்று கோல்காப்பாளருக்குக் கால் திறமை கட்டாயம். முன்கள வீரராக இருந்து வந்த ஒருவருக்கு இன்றைய விதி கூடுதல் சாதகமாக இருந்திருக்கும்.

உலகில் இதற்கு ஒப்பான சில கதைகள் உண்டு. 1956 ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற சோவியத் அணியின் கோல்காப்பாளர் லெவ் யாஷின், அதற்குச் சில ஆண்டுகள் முன்புவரை பனி ஹாக்கியிலும் கோல் காத்தவர். வேல்சு நாட்டின் ஜான் சார்லஸ் நடுத்தடுப்பிலிருந்து மைய முன்களத்துக்கு மாற்றப்பட்டு, 1953–54 பருவத்தில் லீட்ஸ் அணிக்காக லீக் ஆட்டங்களில் மட்டும் 42 கோல் அடித்தார். அண்மைக் காலத்தில் 1999-இல் ஆர்சனல் கழகத்துக்கு வந்த தியெரி ஆன்றி ஓரக்கள வீரராக இருந்து மையத்துக்கு மாற்றப்பட்டார். முதல் சில ஆட்டங்களில் கோலே வரவில்லை. பிறகு அக்கழகத்தின் வரலாற்றிலேயே அதிகக் கோல் அடித்தவர் ஆனார். ஆயினும் இவர்களில் எவரும் களத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக் கம்பத்துக்குப் போனவர் அல்லர்.

ஜகார்த்தா, 1962

இடமாற்றம் இந்தியக் கால்பந்துக்கு ஒரு பதக்கமாகத் திரும்பி வந்த நாள் 4 செப்டம்பர் 1962. அன்று நடந்தது ஆசிய விளையாட்டின் இறுதியாட்டம். பயிற்றுநர் சையத் அப்துல் ரகீம், ஐதராபாத் நகரக் காவல்துறை அணியை உருவாக்கியவர். ஆட்டக்காரரின் பழைய பெயர்ப்பலகையை நம்பாமல், அவரிடம் வேறு என்ன இருக்கிறது என்று தேடும் வழக்கம் ரகீமுக்கு உண்டு. அவருக்கு அப்போதே உடல்நலம் குன்றியிருந்தது. அடுத்த ஆண்டு ஜூனில் புற்றுநோயால் இறந்தார்.

இந்திய அணி முதல் ஆட்டத்தில் தென் கொரியாவிடம் 0–2 எனத் தோற்றது. அடுத்து தாய்லாந்தை 4–1 என வென்றபோது நடுத்தடுப்பு வீரர் ஜர்னைல் சிங்குக்குத் தலையில் காயம்பட்டுத் தையல் போடப்பட்டது. ஜப்பானுடனான ஆட்டத்தில் அவர் இல்லை. அந்த ஆட்டத்தை இந்தியா 2–0 என வென்றது. அரையிறுதியில் தென் வியட்நாமுக்கு எதிராக ரகீம் அவரைத் திரும்பக் கொண்டுவந்தார், ஆனால் தடுப்பில் அல்ல, மைய முன்களத்தில். அன்று ஆட்டத்தின் நடுவே மாற்று வீரரை இறக்கும் வசதி இல்லை. காயம்பட்டவரைப் பேருக்கு ஓரத்தில் நிறுத்துவது அக்கால வழக்கம். ரகீம் அவரைத் தாக்குதலின் முனையில் நிறுத்தினார். இந்தியா 3–2 என வென்றது. ஜர்னைல் கோல் அடித்தார்.

இறுதியாட்டத்தில் மீண்டும் தென் கொரியா. ஜகார்த்தா மக்கள் இந்திய அணிக்கு எதிராகக் கொதித்துப்போயிருந்தார்கள். இஸ்ரேலும் தைவானும் அப்போட்டிக்கு அனுமதிக்கப்படாததை இந்திய அதிகாரி ஜி.டி. சோந்தி கேள்விக்குள்ளாக்கியது அதற்குக் காரணம். அரங்கம் நிறைந்த கூட்டம் முழுவதும் கொரியாவுக்காகக் கத்தியது. தங்கராஜ் காய்ச்சலில் கிடந்ததால் அதற்கு முந்தைய சில ஆட்டங்களில் பிரத்யுத் பர்மன் கோல் காத்திருந்தார். பர்மன் நன்றாகவே ஆடினார். இருந்தும் இறுதியாட்டத்துக்கு ரகீம் தங்கராஜைக் கம்பத்தடிக்கு அழைத்தார். கொரியர்கள் உயரப் பந்துகளில் வல்லவர்கள் என்பதை முதல் ஆட்டத்திலேயே பார்த்தவருக்கு உயரமான கோல்காப்பாளர் தேவைப்பட்டார்.

பதினேழாம் நிமிடத்தில் பி.கே. பானர்ஜி, இருபதாம் நிமிடத்தில் ஜர்னைல் சிங் கோல் அடித்தனர். கொரியா ஆட்டத்தின் கடைசிக் கட்டத்தில்தான் ஒரு கோல் போட முடிந்தது. 2–1. கோல் அடிக்கத் தொடங்கி கோல் காக்கப் போன ஒருவர் ஒரு முனையில், கோல் காக்கத் துணைநின்று பிறகு கோல் அடிக்கப் போன ஒருவர் மறுமுனையில். ஆசிய விளையாட்டுக் கால்பந்தில் இந்தியா அதன்பின் இன்றுவரை தங்கம் வெல்லவில்லை.

தங்கராஜ் 1964 ஆசியக் கோப்பையில் இரண்டாமிடம் பெற்ற அணியிலும் இருந்தார். முகமதன் ஸ்போர்ட்டிங், மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால் ஆகிய கல்கத்தாவின் மூன்று பெரிய கழகங்களுக்கும் கோல் காத்தார்.

வடசென்னை: வேலையும் ஆடுமிடமும்

வெலிங்டனில் நடந்ததைப் புரிந்துகொண்டால் சென்னைத் துறைமுகத்தைச் சுற்றிய கால்பந்தையும் புரிந்துகொள்ளலாம். இராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் எனக் கடலோரமாக வடக்கே நீளும் பகுதி தொழிற்சாலைகளால் வளர்ந்தது. 1856-இல் இராயபுரத்தில் தொடர்வண்டி நிலையம் திறக்கப்பட்டது. 1946-இல் திருவொற்றியூரில் ஒரு கொட்டகையில் பலூன் செய்யத் தொடங்கிய நிறுவனம்தான் பின்னர் எம்.ஆர்.எஃப். ஆயிற்று. எண்ணூரில் அசோக் லேலண்ட், திருவொற்றியூரில் என்ஃபீல்டு ஆலை, சற்று மேற்கே பெரம்பூரில் பின்னி நிறுவனத்தின் பி அண்ட் சி ஆலையும் ஐ.சி.எஃப். பெட்டித் தொழிற்சாலையும் வந்தன. துறைமுகம், ரயில்வே, ஆலை ஆகிய மூன்றும் தொழிலாளர் குடியிருப்புகளையும் அவற்றோடு விளையாட்டுத் திடல்களையும் கொண்டுவந்தன.

சென்னை லீக்கின் அணிப் பெயர்களைப் பார்த்தாலே இது விளங்கும். துறைமுகக் கழகம், ஐ.சி.எஃப்., தெற்கு ரயில்வே, சுங்கத்துறை, இந்தியன் வங்கி, ரிசர்வ் வங்கி என வேலை தரும் நிறுவனங்களே நெடுங்காலம் அணிகளாக இருந்தன. ஆகவே வடசென்னை இளைஞருக்குக் கால்பந்து வெறும் பொழுதுபோக்காக இருக்கவில்லை. விளையாட்டு ஒதுக்கீட்டில் கிடைக்கும் நிலையான அரசு வேலைக்கான வழி அது. அப்பா துறைமுகத்தில் தினக்கூலியாகச் சுமை தூக்கியிருந்தால், பையன் அதே துறைமுகத்தில் அணியின் ஆட்டக்காரராக, நிரந்தர ஊழியராக நுழையலாம்.

ஆடுமிடம் என்னும் கேள்வி கூர்மையாவது இங்கேதான். தெருவிலும் சிறு திடலிலும் ஆடும் பையன்களில் பெரும்பாலோர் முன்களத்தில் கோல் அடிக்கவே விரும்புகிறார்கள். ஆனால் நிறுவன அணிக்கு ஓர் ஆண்டில் தேவைப்படுவது ஒரு இடது பின்கள வீரராகவோ ஒரு கோல்காப்பாளராகவோ இருக்கலாம். தேர்வுக்கு வரும் நாற்பது முன்கள வீரர்களுக்கு ஒரு காலியிடம்கூட இல்லாமற் போகலாம். அப்போது பயிற்றுநர் இளைஞரைத் தனியே அழைத்து, 'பின்னாடி ஆடிப் பாரு' என்பார். அந்த ஒரு வாக்கியம் பையனின் பெருமைக்கு அடி, அவன் குடும்பத்துக்கு வாய்ப்பு. இரண்டும் உண்மை.

மாற்றத்துக்கான காலம் பெரும்பாலும் கோடைதான். ஏப்ரல், மே மாதங்களில் பள்ளி விடுமுறை. விளையாட்டு ஆணையமும் உள்ளூர்க் கழகங்களும் கோடைப் பயிற்சி முகாம்கள் நடத்தும். வெயிலுக்கு அஞ்சி அதிகாலையிலும் மாலையிலும் மட்டும் பயிற்சி. லீக் புள்ளிகள் எதுவும் பணயத்தில் இல்லாத அந்த வாரங்களில் முன்கள வீரர் ஒருவர் பின்கள ஆட்டத்தைப் பழகலாம். முதலில் மாற வேண்டியது பார்வை. முன்களத்தில் பந்து முதுகுப்பக்கமிருந்து வரும், பின்களத்தில் முழுக் களமும் கண்முன் விரியும். முன்களத்தில் துணிந்து பந்தைத் தட்டிப் பார்ப்பது குணம், பின்களத்தில் அதே செயல் குற்றம். சிறு திடலில் பழகியவருக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. ஐந்து பேர், ஏழு பேர் ஆடும் மண் திடலில் எல்லோரும் எல்லா இடத்திலும் ஆடுவார்கள். பதினொருவர் ஆடும் புல்தரையில் இடைவெளி பெரிது, தன் இடத்தை விட்டு நகர்ந்தால் அந்த ஓட்டை உடனே தெரியும். ஆனால் எல்லா இடத்திலும் ஆடிய பழக்கமே பிறகு இடம் மாறுவதற்குக் கைகொடுக்கிறது.

துறைமுகப் பகுதிக்கு மேற்கே உள்ள வியாசர்பாடியைப் பலரும் 'குட்டி பிரேசில்' என்று அழைக்கிறார்கள். புகழ்ச்சியாகச் சொல்லப்பட்டாலும் அப்பெயர் ஒன்றை மறைக்கிறது. பிரேசில் என்றதும் நினைவுக்கு வருவது கோல் அடிப்பவர்கள். வியாசர்பாடியிலிருந்து வந்தவர்களில் நாடறிந்த பெயரான தன்பால் கணேஷ் நடுக்களத்தில் தடுப்புப் பணி செய்பவர், எதிரணியின் பந்தைப் பறித்து முன்னே இருப்பவரிடம் சேர்ப்பவர். தொலைக்காட்சிக் கேமரா அதிகம் தேடாத வேலை அது. சென்னையின் எஃப்.சி. 2017–18 இந்தியன் சூப்பர் லீக் கோப்பையை வென்ற ஆண்டில், 13 மார்ச் 2018 அன்று நேரு விளையாட்டரங்கில் கோவாவுக்கு எதிரான அரையிறுதியின் இரண்டாம் ஆட்டத்தில் அவரே ஒரு கோலும் அடித்தார். முதல் ஆட்டம் 1–1 எனச் சமனில் முடிந்திருந்தது. இரண்டாம் ஆட்டத்தைச் சென்னை 3–0 என வென்று இறுதிக்குப் போய், பெங்களூருவில் கோப்பையை எடுத்தது.

நிறுவன அணிகளின் காலம் இப்போது தேய்ந்துவிட்டது. பி அண்ட் சி ஆலை 1996-இல் மூடப்பட்டது. வங்கிகளும் பொதுத்துறை நிறுவனங்களும் விளையாட்டு வீரர்களை வேலைக்கு எடுப்பதைக் குறைத்துக்கொண்டன. அந்த இடத்தில் 2014-இல் தொடங்கிய சூப்பர் லீக்கும், கழகங்களின் இளையோர் அணிகளும், தனியார் பயிற்சிப் பள்ளிகளும் வந்திருக்கின்றன. இவற்றின் ஒப்பந்தங்கள் குறுகிய காலத்துக்கானவை. புதிய இடத்தைப் பழக இரண்டு ஆண்டு கேட்கும் இளைஞருக்கு, வெலிங்டன் படைமுகாம் தங்கராஜுக்குக் கொடுத்த பொறுமையை அவை கொடுப்பது அரிது. அந்தப் பொறுமையை இன்று வடசென்னையில் பெரும்பாலும் சம்பளமில்லாத உள்ளூர்ப் பயிற்றுநர்களே தருகிறார்கள். அதிகாலை ஐந்தரை மணிக்குத் திடலுக்கு வந்து, பிறகு தங்கள் சொந்த வேலைக்குப் போகிறவர்கள் அவர்கள். தேர்வு முகாம் பதிவுத்தாளில் பெயருக்கும் பிறந்த தேதிக்கும் அடுத்து 'ஆடுமிடம்' என்றொரு கட்டம் உண்டு. அதில் என்ன எழுதுவது என்று பையன்கள் இன்றும் முதலில் அவர்களிடம்தான் கேட்கிறார்கள்.